பூக்கரை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். மீதியை நீ வாயால் சொல்லிக்கொள். இறைவன் பெயர் எழுதிய காகிதம் எந்தக் குப்பையில் போய் விழுமோ என்று கவலைப்படுகிறவள் நீ, ஆகவே நம் வீட்டு வழக்கப்படி அரை ஸலாமோடு ஆரம்பிக்கிறேன். வாப்பாவின் இடுப்பு தேவலையா? எழுந்து உட்காருகிறாரா, இல்லை இன்னும் கட்டிலில் இருந்தபடியே எல்லாரையும் அதட்டுகிறாரா?

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் மேல் படுக்கையில் உன் காகிதச் சுருள்களைப் படுக்கவைத்துவிட்டு நான் கீழே உட்கார்ந்தே வந்தேன். எதிரே இருந்த அம்மா, "உள்ள என்னம்மா, பட்டா?" என்றாள். "எழுத்து" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அறை ஒரு தையல் கடைக்கு மேலே. பகல் முழுக்க மெஷின் சத்தம். பள்ளிவாசல் நடந்து போகும் தூரம்தான். பெண்கள் தொழும் கூடம் நீ அளவு பார்த்து வரைந்தது போலவேதான் இருக்கிறது, ஜன்னல் ஓரம் மட்டும் சுவர் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது. என் வீட்டுக்காரர், அதான் உன் மாப்பிள்ளை, முதல் சுவரைப் பட்டி பார்த்து, தேய்த்து, கன்னம் மாதிரி வழவழப்பாக்கி வைத்துவிட்டார். நேற்று முதல் சுருளை ஒட்டி, கரித்தூள் முடிச்சால் தட்டினேன். நீ ஊசியால் குத்திய துளைகள் எல்லாம் சுவரில் புள்ளியாக இறங்கிவிட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை.

பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் நல்ல மனிதர், ஆனால் எதைப் பார்த்தாலும் தங்கக்கலர் அடிக்கச் சொல்கிறார். நாங்கள் அவருக்குத் தங்கக்கலர் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆகஸ்டில் திறப்பு. அதற்குள் முடியாவிட்டால் குர்ஆன் ஆயத்துகளை அச்சடித்து ஒட்டிக்கொடுக்க ஒரு ஸ்டிக்கர்காரர் தயாராக இருக்கிறாராம். அவருடைய கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார். எழுத்தைச் சுற்றி வரும் பூக்கரையில் ஒரே ஒரு கிளி போட்டால் குழந்தைகளுக்குப் பிடிக்குமே என்றும் கேட்டார். நீயே பதில் சொல்.

அடுத்த பார்சலில் பூக்கரைச் சுருளும் வை. மாதாமாதம் வரும் தொழாத நாட்களில் ஆயத்தைத் தொட முடியாது, பூவைத் தொடலாம். கை சும்மா இருந்தால் தங்கக்கலரின் கை கார்டுக்குப் போய்விடும்.

உன் தங்கை

---

ஜனவரி 24

அன்புள்ள சின்னவளுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகமாக என்று எழுதினால் வாப்பா கோபித்துக்கொள்வார். உட்கார வைத்தால் படுக்க வேண்டும் என்கிறார், படுக்க வைத்தால் "என்னைய ஏன் இப்படிக் கட்டையா போட்டு வச்சிருக்கே?" என்கிறார். "சின்னவ எப்ப வர்றா?" என்று தினமும் ஒருமுறை கேட்கிறார். அவர் நடக்க ஆரம்பிக்கிற வரை நான் இந்த வீட்டைவிட்டு நகர முடியாது. பட்டறையில் புத்தகம் கட்டும் வேலையும் தலைக்கு மேல் கிடக்கிறது.

கிளி கூடாது. குருவி கூடாது. உயிருள்ள எதுவும் கூடாது, அது பாதி இலைக்குள் ஒளிந்திருந்தாலும் சரி. தொழுகிறவளுடைய கண் அதன் கண்ணில் போய் நிற்கும். தங்கக்கலரிடம் இதமாகச் சொல், கிளிக்குப் பதில் அவருக்கு இன்னும் இரண்டு பூ கூடுதலாகத் தருவதாகச் சொல்.

மீதி எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தூரிகையைத் தொடு. ஆயத்துச் சுருளைத் தரையில் விரிக்காதே, யாராவது தாண்டிப் போய்விடுவார்கள். உதிர்கிற கரித்தூளும் தூரிகை கழுவிய தண்ணீரும் சாக்கடைக்குப் போகக்கூடாது, ஏதாவது ஒரு மரத்தின் வேருக்குப் போகட்டும். முடிந்த சுருள்களை எனக்கே திருப்பி அனுப்பு. எங்கேயும் பெயர் போடாதே, உன்னுடையதும் வேண்டாம், என்னுடையதும் வேண்டாம்.

இன்னொன்று. ஏணியில் ஏறி இறங்குகிற வேலை. இரண்டு முறை பட்டுவிட்டோம். அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், பேனா கேட்கவில்லை.

ஆயத்துச் சுருள்களோடு பூக்கரையும் வைத்திருக்கிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கழுத்துதான் பிடித்துக்கொள்கிறது. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். வாப்பாவிடம் நானும் அவரைப் போலவே முனகுகிறேன் என்று சொல், சந்தோஷப்படுவார்.

வடக்குச் சுவர் முடிந்தது. இந்த மாதம் தொழாத நாட்களில் பூக்கரை போட்டேன். நீ வரைந்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எழுத்தின் வால் எங்கே இறங்குகிறதோ அங்கே பூ மரியாதையாக விலகிக்கொள்கிறது. ஆகவே எழுத்து போகாத இடத்துக்குப் பூ முந்திப் போக முடியாது. எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் அந்த மரியாதை தெரியவில்லை. காலையில் வந்து பார்த்தால் ஆயத்து வரவேண்டிய இடத்தில் சுவிட்ச் பெட்டிக்குக் குறி போட்டு வைத்திருந்தார். "எழுத்த கொஞ்சம் தள்ளி எழுதுங்களேன்" என்றார். "கரண்ட்ட கொஞ்சம் தள்ளி ஓட விடுங்களேன்" என்றேன். ஓட விட்டார்.

கூடத்தைக் கூட்டுகிற அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அதிகம் பேசமாட்டார். தூளைப் பற்றி நீ எழுதியதைச் சொன்னேன். மறுநாள் இரண்டு வாளி கொண்டுவந்தார். எழுத்துக்குக் கீழே விழுகிற தூள் பச்சை வாளி, அது பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போகும். பூவுக்குக் கீழே விழுகிற தூள் சிவப்பு வாளி, அது மற்றக் குப்பையோடு போகும். நான் தூரிகை கழுவிய தண்ணீரையும் அவரே மரத்துக்கு ஊற்றுகிறார்.

நீ கடைசியாக எழுதிய விஷயம். அக்கா, அதை இனி எழுதாதே. முதல் தடவை தெருவே வந்து வாழ்த்தியது, பிறகு தெருவே வந்து துக்கம் கேட்டது. இரண்டாம் தடவை நாம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தும் எப்படியோ பரவி, அதே ஊர்வலம் திரும்ப வந்தது. அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததே நான்தான். அந்த ஆசையை நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது சுவர் போதும்.

உன் தங்கை

---

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

ஸலாம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் வீட்டுக்காரர் கை பட்டி பார்த்துப் பழகிய கை, தேய்த்துவிடச் சொல். வாப்பா நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். வாசலை எட்டியதும் திரும்பி வரமாட்டேன் என்று அடம் பிடித்தார்.

நீ எழுதாதே என்று சொன்னதை நான் எழுதவில்லை.

கிழக்குச் சுவருக்கான ஆயத்துச் சுருள்கள் வருகின்றன, கூடவே பூக்கரை. மாதத்துக்கு ஒன்று என்று பூக்கரை அனுப்பிவிடுகிறேன், நீ கேட்கவே வேண்டாம். பச்சை வாளி, சிவப்பு வாளி விஷயம் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

அக்கா

---

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். சுகமாகத்தான் இருக்கிறோம். வாப்பா வாசலில் இருந்து திரும்பி வந்துவிட்டாரா?

வேலை நன்றாக ஓடுகிறது. கிழக்குச் சுவரைத் தாண்டிவிட்டேன். தங்கக்கலர் நேற்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "நம்ம ஸ்டிக்கர்காரர் வேற ஊர்ல வேலை தேடிக்க வேண்டியதுதான்" என்றார். கார்டை எடுத்துப் பார்க்கவில்லை.

ஏணியை எடுத்துவிட்டு உன் மாப்பிள்ளை எனக்கு அகலமான சாரம் கட்டியிருக்கிறார், பிடித்துக்கொள்ள மூன்று பக்கமும் கம்பு. பிறந்த கன்றுக்குட்டிக்குக் கட்டிய கொட்டில் மாதிரி இருக்கிறது. கூட்டுகிற அம்மா எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து சாரத்தின் மேல் வைத்தார். "உக்காந்து எழுதுங்க" என்றார், அவ்வளவுதான். தையல் கடையில் இருந்து மெஷின் எண்ணெய் வாசனை மேலே வருகிறது, முன்பு அது எனக்குத் தெரிந்ததே இல்லை. ஜன்னலை மூடியே வைத்திருக்கிறேன்.

ஆயத்துச் சுருள்கள் தீரப் போகின்றன, சீக்கிரம் அனுப்பு. பூக்கரை இப்போதைக்கு வேண்டாம். நீ அனுப்பிய இரண்டும் பிரிக்காமல் அலமாரி மேல் அப்படியே கிடக்கின்றன.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

---

ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

ஸலாம். வாப்பா நன்றாக இருக்கிறார். நான் நன்றாக இல்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பிப்ரவரிக்குப் பிறகு பூக்கரை ஓர் அங்குலம் நகரவில்லை. ஆயத்து மட்டும் கிழக்குச் சுவரைத் தாண்டி ஓடுகிறது. எழுதக்கூடாத நாட்களிலும் நீ எழுதுகிறாய் என்பதுதானே இதற்கு அர்த்தம்? ஸ்டிக்கர்காரருக்குப் பயந்து அதபை, எழுத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதையை, காற்றில் விட்டுவிட்டாயா?

ஒவ்வொரு எழுத்தையும் நான் ஒளு செய்துவிட்டு வரைகிறேன். தொழாத நாட்களில் பென்சிலைக்கூட எடுக்காமல் பசையும் அட்டையுமாகப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் பார்ப்பதில்லை, யாருக்கும் தெரியப் போவதில்லை, ஆனாலும் அப்படித்தான். நீ அந்தப் பக்கம் அவசர அவசரமாகப் பூசிக்கொண்டு போனால் நான் இங்கே செய்வதற்கு என்ன மதிப்பு? அதற்கு ஸ்டிக்கரே மேல். மெஷினுக்கு ஒளு தேவையில்லை.

இந்த மாதச் சுருள்களை அனுப்புகிறேன். அனுப்பலாமா என்று யோசித்துத்தான் அனுப்புகிறேன்.

அக்கா

---

மே 6

அக்காவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது.

கூடாத நாளில் நான் ஓர் எழுத்தையும் தொடவில்லை. ஒளு இல்லாமல் தூரிகையை எடுக்கவில்லை. பூக்கரை தேவைப்படவில்லை, அதனால் பிரிக்கவில்லை. இதற்கு மேல் இப்போது என்னால் சொல்ல முடியாது.

பூ பின்தங்கி நிற்பதுதானே உனக்கு உறுத்துகிறது? உன் கடிதம் வந்த நாளில் இருந்து காலையில் எழுத்து, சாயங்காலம் அதே சாரத்தில் நின்று பூ என்று போட்டுக்கொண்டு வருகிறேன். அலமாரி மேல் கிடந்தது எல்லாம் தீர்ந்தது. இப்போது இரண்டும் ஜன்னலுக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்கின்றன. அங்குலம் பிசகவில்லை. திருப்திதானே?

வாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

---

ஜூன் 2

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

ஸலாம். தங்களையும் மாமனாரையும் நலமாக வைக்கும்படி வேண்டுகிறேன். நான் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சின்னவளுக்கு உடம்பு கொஞ்சம் அசதி. ஆகவே அவள் சொல்ல நான் எழுதுகிறேன். இப்போது எழுந்து நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள். தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

மேற்குச் சுவர் முழுவதும் பட்டி பார்த்து முடித்துவிட்டேன். இரண்டு கை பூசியிருக்கிறேன். ஈரம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு இருந்தது, அதையும் அடைத்துவிட்டேன்.

ஆயத்துச் சுருள்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டாம் என்கிறாள். பூக்கரை இருந்தால் அனுப்பும்படி கேட்கிறாள். எவ்வளவு இருந்தாலும் அனுப்பவும் என்று சொன்னாள். ஆனால் எழுத்து போகாத இடத்தில் பூ போட முடியாது என்றும் அவளே சொல்கிறாள், ஆகவே எனக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. இரண்டு வாரமாகச் சுவரில் எதுவும் நகரவில்லை. தலைவர் நேற்று அந்த ஸ்டிக்கர்காரரைக் கூட்டிவந்து டேப் பிடித்து அளந்துகொண்டு போனார்.

சாரத்தில் கம்பு கட்டியது நான்தான். நன்றாகத்தான் கட்டியிருந்தேன், அக்கா.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரர்

---

ஜூன் 8

என் சின்னவளுக்கு,

ஸலாம். மாப்பிள்ளையின் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மனிதர் சுவரைப் பற்றி எழுதி எழுதிக் கடைசியில் அந்தக் கம்பில் வந்து நின்றுவிட்டார்.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். மார்ச்சில் பூக்கரை வேண்டியிருக்கவில்லை, ஏப்ரலிலும் வேண்டியிருக்கவில்லை, இப்போது எவ்வளவு இருந்தாலும் வேண்டும் என்கிறாய். சாரம், ஸ்டூல், ஜன்னலுக்கு வரும் எண்ணெய் வாசனை, எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருந்தாய். ஒரு பெண்ணுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது எனக்குக் கடைசியில்தான் தோன்றியது. ஆசையை விட்டுவிட்டோம் என்று நீ எழுதியதை அப்படியே நம்பிவிட்டேன். புத்தி முழுக்கச் சுவரில் இருந்தது. நீ வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தபோது, நான் உன் கை சுத்தமா என்று கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்துக்காகத்தான் நீ சாயங்காலமும் சாரம் ஏறினாய். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதபு அதபு என்று பிறருக்குச் சொல்கிறவள், சந்தேகத்தை வைத்துக்கொண்டு சொந்தத் தங்கையைக் குற்றம் சொன்னேன். அது எந்த அதபிலும் சேராது. என்னை மன்னித்துவிடு.

இனி வேலைப் பேச்சு. ஜன்னல் ஓரம் சுவர் கூடுதலாக ஓடுகிறது என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். அந்த இடம் முழுக்க, மேலிருந்து ஆள் உயரம் வரை, பூ மட்டும் வருகிற மாதிரி ஒரு பெரிய சுருள் வரைந்து அனுப்புகிறேன். எழுத்து அங்கே கிடையாது, ஆகவே பூ யாருக்கும் விலக வேண்டியதில்லை. மேற்குச் சுவரின் ஆயத்துகளைக் கொஞ்சம் நெருக்கி வரைந்துவிட்டேன். ஒரு புள்ளிகூடக் குறையாது, எல்லாம் இடத்துக்குள் அடங்கிவிடும். நீ தொழ ஆரம்பிக்கிற வரை பூ போடு. எத்தனை நாளானாலும் போடு. முடியாத அன்றைக்குப் படுத்துக்கொள்.

தங்கக்கலருக்கும் தனியாக ஒரு கடிதம் போகிறது. ஜன்னல் ஓரம் பூ மட்டும் வருவது ஆரம்பத்தில் இருந்தே என் திட்டம், பூ வேலை இழுக்கும், அதில் அவசரப்படுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். கிளி கேட்டவருக்கு ஒரு தோட்டமே தருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

வாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்கும் தெரியாது. தெரியப் போவதும் இல்லை.

அக்கா

---

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உடம்பு தேறிவிட்டது. வாப்பா கடை வரை நடந்ததாக எழுதிய கார்டு கிடைத்தது. கடைக்காரரோடு சண்டை போட்டார் என்றால் பழைய வாப்பா திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்டேன். சாரத்தால் இல்லை, வேலையால் இல்லை என்றார். கடிதத்தால் இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அதுவும் இல்லை. நீ இனி சாப்பிடு. உன் மாப்பிள்ளையிடமும் கம்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன், தலையாட்டுகிறார், ஆனால் தினமும் அதை அசைத்துப் பார்க்கிறார்.

உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்று சொல்லிவிடத்தான் பேனாவை எடுத்தேன். நான்கு மாதம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அதுவரை அது எனக்கும் அவருக்கும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இருந்தது. அந்த நாட்கள் நன்றாக இருந்தன, அக்கா. எழுத்து எழுதும்போது தனியாக எழுதுவது போலவே இல்லை.

ஆஸ்பத்திரியில், "எங்ககிட்ட குடுத்துருங்க, அடக்கம் பண்ணிக்கறோம்" என்று அவர் கேட்டார். கையில் வாங்கிக்கொள்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். அவர் வெளியே போய் நின்றுகொண்டார். அது மட்டும்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எதையும் எங்கேயும் வைக்கவில்லை. போய் நிற்க ஓர் இடமில்லை.

பூச் சுருள் வந்ததும் மறுநாளே ஆரம்பித்தேன். முதல் வாரம் பாதி நாள் படுத்தேன், பாதி நாள் போட்டேன். நெருக்கமாக, இலை இடையில் இலை, பூ இடையில் பூ என்று வரைந்திருக்கிறாய். வேறு எதையும் நினைக்க இடம் தரவில்லை. வேண்டுமென்றே அப்படி வரைந்தாயா? தங்கக்கலர் வந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். "எழுத்து எங்கே?" என்று கேட்பார் என்று பார்த்தேன். "இதுல தங்கக்கலர் வேண்டாம்மா" என்றார்.

போன வியாழக்கிழமை குளித்துவிட்டுத் தொழுதேன். மறுநாள் காலையில் ஒளு செய்து, மேற்குச் சுவரின் முதல் சுருளைப் பிரித்தேன். முடிச்சால் தட்டினேன், ஒரு புள்ளியும் தவறவில்லை.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். திறப்பு முடிந்தது. எல்லாரும் சுகம். உன் மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு, யாராவது சுவரில் சாய்ந்துவிடுவார்களோ என்று கூடத்தையே சுற்றிக்கொண்டிருந்தார்.

வாசலில் கல் பதித்து நம் இரண்டு பேர் பெயரையும் போட வேண்டும் என்று தங்கக்கலர் ஒற்றைக்காலில் நின்றார். முடியாது என்றேன். "பேரு போடலேன்னா யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா?" என்றார். அது எங்கள் வழக்கம் என்று சொல்லி முடித்துவிட்டேன். வந்தவர்களிடம் ஜன்னல் ஓரத்தைக் காட்டி, "எழுத்து இவ்வளவு தூரம் ஓடி வந்து இங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்குது, பாருங்க" என்று அவரே கண்டுபிடித்த விளக்கம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் தூரிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டுகிற அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஸ்டூல் கொண்டாந்து போட்டப்பவே எனக்குத் தெரியும்மா" என்றார். "அப்புறம் பச்சை வாளி காலியாவே கெடந்துது. சிவப்பு வாளி மட்டும் நெறஞ்சு நெறஞ்சு வந்துது. அப்பவும் தெரிஞ்சுது."

நான் தூரிகைக் கட்டைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு பண்ணிட்டேன். நீங்க கோச்சுக்கக் கூடாது. அந்த ஜன்னலோரத்துப் பூவுல விழுந்த தூள நான் குப்பையில போடல. மனசு வரல. எழுத்துத் தூள் போற மரத்தடியிலயேதான் கொட்டினேன், கடைசி வரைக்கும். கையால குழி பறிச்சு மூடிட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய் மறுபடி கூட்ட ஆரம்பித்துவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, இங்கே அழுதேன். பிறகு உன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். மரத்தடியில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது. அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நானும் நின்றேன்.

பூத்தூளுக்கு அந்த மரியாதை கிடையாது என்று நமக்குத் தெரியும். எழுத்துத் தூளோடு அதைச் சேர்த்தது தவறா, அக்கா? தவறென்றால் சொல், நான் அந்த அம்மாவிடம் எதுவும் சொல்லமாட்டேன், என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 23

என் சின்னவளுக்கு,

ஸலாம். தவறில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், அந்த அம்மா எனக்கு முந்திக்கொண்டுவிட்டார். அவருக்கு என் ஸலாம் சொல், இந்த முறை முழு ஸலாமாக.

புறப்படுவதற்கு முன் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து அந்த மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு ரயில் ஏறுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வாப்பாவும் நடந்தே வருவாராம்.

அக்கா